கிளப் லீக்கில் ஸ்கோர் மேல் சந்தேகம் வந்தால்

10 மீட்டர் ஏர் பிஸ்டல் லீக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 ஷாட் மேட்ச், ஷாட்டுக்கு அதிகபட்சம் 10, மொத்தம் 400. வருஷம் முழுக்க 355-க்கும் 362-க்கும் நடுவில் சுட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று மூன்று ரவுண்டு தொடர்ந்து 368, 370, 369 என்று அனுப்புகிறார். நேரில் யாரும் கேட்பதில்லை. வாட்ஸாப் குரூப்பில் வாழ்த்து சொல்பவர்கள் குறைகிறார்கள். "சார் சொந்த ரேஞ்சுல மட்டும் பிரமாதமா சுடுவாரு போல" என்று ஒரு வரி வந்து விழுகிறது. பிறகு அவரவர் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரிதான்.

பரிசு என்று பார்த்தால் ஒரு ஷீல்டும் மத்தியானச் சாப்பாடும்தான். அதனால்தான் இதைக் கையாள்வது பெரிய போட்டிகளைவிடக் கஷ்டம். அங்கே ஜூரி இருக்கிறது, எலக்ட்ரானிக் டார்கெட் இருக்கிறது, எக்விப்மென்ட் கன்ட்ரோல் என்று தனி அறையே இருக்கிறது. இங்கே செயலாளரும் ஷூட்டர்தான், ஸ்கோர் போடுகிறவரும் ஷூட்டர்தான், சந்தேகப்படுகிறவர் இரண்டாவது இடத்தில் இருப்பவர். ஆகவே என் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் கணக்கு, அடுத்து கார்டு (சுட்ட காகித டார்கெட்), அடுத்து ரேஞ்ச், அப்புறம் கருவி. ஆள் கடைசி. முதல் நான்கையும் ஒழுங்காகப் பார்த்தால் ஐந்தாவது வரை போக வேண்டியிருப்பது அபூர்வம்.

கணக்கு என்ன சொல்லும், என்ன சொல்லாது

சராசரி 9.0 சுடுகிற பிஸ்டல் ஷூட்டருக்கு ஒவ்வொரு ஷாட்டும் சராசரியிலிருந்து முன்பின் 0.8 அளவு விலகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 ஷாட்டுக்கு அந்த விலகல் 0.8 பெருக்கல் 40-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 5 புள்ளி. சராசரி 360 என்றால் 355-இலிருந்து 365 வரை அன்றாடம். 350-உம் 370-உம் வருஷத்தில் ஓரிரு முறை யாருக்கும் வரும். இதற்கு மேல் தூக்கமின்மை, வெயில், பவர் கட் என்று அந்தந்த நாளின் ஏற்ற இறக்கம் வேறு. ஒரே ஒரு 370-ஐ வைத்துக்கொண்டு ஒருவரை மோசடிக்காரர் என்பது கணக்குத் தெரியாதவர் பேச்சு.

மூன்று 369 தொடர்ந்து வந்தால்? அது ஏதோ மாறியிருக்கிறது என்று சொல்கிறது. என்ன மாறியது என்று சொல்லாது. புது கிரிப், பின் சைட்டின் அகலத்தைச் சரிசெய்தது, கண்ணாடி மாற்றியது, துப்பாக்கிக்கு ஒத்துப்போகிற பெல்லட் (ஈயக் குண்டு) பேட்ச் கிடைத்தது, யாரோ நல்ல கோச் ட்ரிகரை இழுக்கச் சொல்லிக்கொடுத்தது என இதில் எதுவுமே 8, 10 புள்ளி தூக்கும்.

கணக்கு உண்மையிலேயே உதவுகிற இடம் ஒன்று உண்டு. அவரவர் ரேஞ்சில் சுட்டு ஸ்கோரை அனுப்பும் லீக்குகளில் நடக்கிற மிகச் சாதாரணமான தில்லுமுல்லு, பல தடவை சுட்டு நல்லதை மட்டும் அனுப்புவது. மூன்று மேட்ச் சுட்டுச் சிறந்ததை அனுப்பினால் சராசரி, விலகலில் 0.85 பங்கு உயரும். ஐந்தில் சிறந்தது என்றால் 1.16 பங்கு. நம் 360 ஷூட்டருக்கு முறையே 364, 366. இதைவிட முக்கியமான தடயம் வேறு: பொறுக்கி எடுத்த ஸ்கோர்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிவிடும். மூன்றில் சிறந்ததென்றால் சிதறல் முக்கால் பங்காகும், ஐந்தில் சிறந்ததென்றால் மூன்றில் இரண்டு பங்கு. உயரமாகவும் இருக்கிறது, மோசமான நாளே இல்லை, எல்லோரும் ஒரே ரேஞ்சில் கூடிச் சுடும் நாளில் மட்டும் பழைய 360 வருகிறது என்றால், கவனிக்கலாம்.

கவனிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். சொந்த ரேஞ்ச் ஸ்கோர் 10, வெளி ரேஞ்ச் ஸ்கோர் 4 வைத்து ஒப்பிட்டால், 6 புள்ளி வித்தியாசம் என்பது அந்த ஒப்பீட்டின் பிழை அளவைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 40 பேர் உள்ள லீக்கில் எந்தத் தப்பும் செய்யாத ஒருவருக்கு இது தானாகவே அமையும். தவிர, வெளி ரேஞ்சில் எல்லோருக்குமே கொஞ்சம் குறையும். மற்றவர்களுக்குச் சராசரியாக எத்தனை குறைந்தது என்று பார்த்து, அதைக் கழித்துவிட்டுத்தான் இவருடையதைப் பார்க்க வேண்டும். கணக்கை வைத்து விதியை இறுக்கலாம். ஆளைத் தண்டிக்க அது பத்தாது.

கார்டு

சந்தேகமென்று வந்தவற்றில் பாதி, ஸ்கோர் போடுவதில் முடிந்துபோகும். ஏர் ரைஃபிளில் 10-வளையம் என்பது 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட் 4.5 மி.மீ. நல்ல ஷாட் விழுந்தவுடன் அந்தப் புள்ளியே காணாமல் போய்விடுகிறது, 9-வளையமும் பாதி கிழிந்திருக்கும். பிறகு கண்ணால் பார்த்துப் பத்தா ஒன்பதா என்று சொல்வது ஜோசியம். மேலும் பெல்லட் போனபின் காகித நார் உள்பக்கமாகச் சுருங்குவதால் ஓட்டை உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். கண்ணால் போட்ட ஸ்கோர் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஒரு கிளப்பில் கேஜ் (ஓட்டையில் செருகிப் பார்க்கும் விளிம்புள்ள அளவி) போட்டும் இன்னொன்றில் கண்ணாலும் ஸ்கோர் போட்டால், கேஜ் போட்ட கிளப் ஏமாற்றுகிறது என்றே தோன்றும்.

ரைஃபிளுக்கு அவுட்வர்டு கேஜ் வாங்குங்கள். அதன் விளிம்பு 5.5 மி.மீ. கேஜை ஓட்டையில் உட்கார வைத்துவிட்டு நடுப்புள்ளியைத் தேட வேண்டியதில்லை. விளிம்பின் வெளி ஓரம் 8-வளையக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் பத்து, 7-வளையக் கோட்டுக்குள் நின்றால் ஒன்பது, இப்படியே இரண்டிரண்டு வளையம் தள்ளிப் படிக்க வேண்டும். பிஸ்டலுக்கு 4.5 மி.மீ. விளிம்புள்ள சாதா கேஜ் போதும். விளிம்பு கோட்டைத் தொட்டால் மேல் மதிப்பு. பூதக்கண்ணாடி வழியாக, நேர் மேலிருந்து பாருங்கள்.

செய்யக்கூடாதவை இவை. கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேஜ் போடக்கூடாது. சமமான மேஜை மேல் வைக்க வேண்டும். ஒரு ஓட்டைக்கு ஒரே தடவைதான் கேஜ். சர்வதேச விதியும் அதுதான். இரண்டாவது முறை செருகும்போது ஓட்டை பெரிதாகிறது, அதற்குப் பிறகு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. அதனால் கேஜ் போடும் முன் போட்டோ, போட்டபின் ஓட்டைக்குப் பக்கத்தில் மதிப்பும் சுருக்கொப்பமும். பெல்லட் தட்டைத் தலையாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில் எழுதிவிடுங்கள். கூர்த்தலை, உருண்டைத்தலை பெல்லட்டுகள் காகிதத்தை வெட்டாமல் கிழிக்கும்.

சந்தேகக் கார்டை மறு ஸ்கோர் போடும்போது அதை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். அதே ரவுண்டிலிருந்து வேறு ஐந்து பேரின் கார்டுகளோடு கலந்து, பெயர் மேல் காகிதம் ஒட்டி, இந்தச் சண்டையே தெரியாத ஒரு கிளப்பின் ஆளிடம் கொடுங்கள். கேஜ் ஏற்கெனவே போட்டிருந்தால் போட்டோவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆறு பேருக்கும் ஒன்றிரண்டு புள்ளி மாறினால் பிரச்சினை ஸ்கோர் போட்டவரிடம். ஒருவருக்கு மட்டும் ஆறு புள்ளி மாறினால் அப்போது பேசலாம்.

போலி ஓட்டை பற்றி அடிக்கடி கேட்பார்கள். உண்மையான பெல்லட் ஓட்டையின் முன்பக்க ஓரத்தில் ஈயத்தின் சாம்பல் நிற வளையம் லேசாகப் படிந்திருக்கும். பின்பக்கம் நார் வெளியே தள்ளப்பட்டிருக்கும். பேனாவாலோ ஊசியாலோ குத்தியதில் காகிதம் நீண்டு விலகியிருக்குமே தவிர வட்டமாக வெட்டுப்பட்டிருக்காது. கேஜ் உள்ளே போகும்போதே இறுக்கம் வேறாகத் தெரியும். ஆனால் 10 மீட்டருக்குப் பதில் 5 மீட்டரிலிருந்து சுட்டதை ஓட்டையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குச் சாட்சிதான் வழி.

ஓட்டை குறைவாக இருப்பது இன்னொரு வழக்கு. பிஸ்டல் கார்டில் 5 ஷாட், ஓட்டை 4. "ரெண்டு ஒரே இடத்துல போயிருச்சு" என்கிறார். இருக்கலாம். பக்கத்து லேன் கார்டில் ஆறு ஓட்டை இருந்தால் அது க்ராஸ் ஃபயர், அதாவது பக்கத்து லேன் டார்கெட்டில் போட்ட ஷாட். இரண்டையும் பிரித்தறிய ஒரு மலிவான ஏற்பாடு: கார்டுக்குப் பின்னால் 10 செ.மீ. தள்ளி ஒரு வெள்ளைத் தாள். ஐந்து ஷாட்டுக்கும் ஒரே பின்தாள்தான், ஆனால் கார்டுக்கும் பின்தாளுக்கும் நடுவே பெல்லட்டின் கோணம் வெளிப்பட்டுவிடும். லேன்களுக்கு இடையே 1 மீட்டர், தூரம் 10 மீட்டர் என்றால், பக்கத்து லேனிலிருந்து வந்த பெல்லட் பின்தாளில் 1 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்து விழும். சொந்த லேன் ஷாட் நேர் பின்னால் விழும். ஸ்கேலை வைத்தாலே தெரிந்துவிடும். நிஜமாகவே ஒரே ஓட்டையில் போன இரண்டு ஷாட்டுக்கும் பின்தாளில் பெரும்பாலும் ஓரம் பிரிந்து தெரியும். பின்தாள் இல்லாத ரேஞ்சில் நாலு ஓட்டை வந்தால் என்ன செய்வது என்பதை சீசன் தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். நடந்தபின் முடிவு செய்தால் எந்த முடிவும் ஒருதலையாகத்தான் தெரியும்.

க்ராஸ் ஃபயர் என்றதும் திட்டமிட்ட வேலை என்று நினைப்பவர்கள் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கை நினைத்துக்கொள்ளலாம். 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலை ஃபைனலில் முதலிடத்தில் இருந்த அமெரிக்காவின் மாத்யூ எம்மன்ஸ், கடைசி ஷாட்டை இரண்டாவது லேனில் நின்றுகொண்டு மூன்றாவது லேன் டார்கெட்டில் போட்டார். பூஜ்யம். எட்டாவது இடம். அந்த மட்டத்திலேயே நடக்கிற ஒன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கிளப்பில் நடக்காதா என்ன.

தபால் லீக்கில் கார்டு கொடுக்கும் முறை

அவரவர் ரேஞ்சில் சுட்டு கார்டை அனுப்பும் லீக் பிரிட்டனில் நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். 1901-இல் சொசைட்டி ஆஃப் வொர்க்கிங் மென்ஸ் ரைஃபிள் கிளப்ஸ் என்று தொடங்கி, பிறகு சொசைட்டி ஆஃப் மினியேச்சர் ரைஃபிள் கிளப்ஸ் ஆகி, 1947-இல் நேஷனல் ஸ்மால்போர் ரைஃபிள் அசோசியேஷன் என்று பெயர் மாறிய அமைப்பு வளர்த்த வழக்கம் அது. அங்கே பழகிய அடிப்படை இரண்டு: அடையாளமிட்ட கார்டு, கையெழுத்துப் போடும் சாட்சி. நாம் போட்டோவை வாட்ஸாப்பில் அனுப்பி முடித்துக்கொள்கிறோம். இரண்டில் ஒன்றுகூட அதில் இல்லை.

பிஸ்டல் 40 ஷாட், கார்டுக்கு 5 என்றால் ஒருவருக்கு 8 மேட்ச் கார்டு, 1 சைட்டர் (மேட்சுக்கு முன் சுட்டுப் பார்க்கும் கார்டு), 2 உபரி. மொத்தம் 11. செயலாளர் எல்லாவற்றிலும் வரிசை எண்ணும் ரவுண்டு எண்ணும் போட்டு, முத்திரை குத்தி, கவரில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். முத்திரையில் பாதி கார்டின் முன்பக்க ஓரத்தில் விழட்டும்; போட்டோவில் தெரியும். கவரைச் சாட்சி முன்னிலையில் லேனில்தான் திறக்க வேண்டும். திறந்ததும் சாட்சி ஒவ்வொரு கார்டின் பின்னும் சுருக்கொப்பம். சைட்டருக்கு 15 நிமிஷம், மேட்சுக்கு 60 நிமிஷம். முடிந்ததும் 11 கார்டும் அதே கவருக்குள். சுடாத உபரியும் திரும்ப வர வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அந்த ரவுண்டு செல்லாது, காரணம் எதுவானாலும் சரி.

கடைசி வாக்கியம் கடுமையாகத் தோன்றும். ஆனால் அதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கார்டு காணாமல் போனதற்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை, யாரும் நம்பவும் தேவையில்லை.

சைட்டரை மேட்ச் ஆக்குவது இன்னொரு பழைய வித்தை. சுட்டுப் பார்ப்பது, நன்றாக விழுந்தால் "மேட்ச் ஆரம்பிச்சாச்சு" என்பது. விதிப்படி சைட்டர் கார்டின் மேல் வலது மூலையில் கறுப்புக் குறுக்குக் கோடு இருக்க வேண்டும். கோடு அச்சடித்த கார்டு இல்லையென்றால் தடித்த மார்க்கரால் செயலாளரே கவரில் போடும் முன் இழுத்துவிடலாம். மேட்ச் கார்டு வரிசை எண்படி ஏறிக்கொண்டே போக வேண்டும்.

சாட்சி யார் என்பதும் முக்கியம். அதே குடும்பத்தவர், அவரிடமே கோச்சிங் எடுப்பவர், இருவருமே வேண்டாம். ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு ரவுண்டுக்குச் சாட்சியாக இருக்கவும் வேண்டாம். சாட்சி பக்கத்து லேனில் தானும் சுட்டுக்கொண்டே சாட்சி பார்ப்பது பார்க்காததற்குச் சமம்.

ரேஞ்சும் கருவியும்

தூரம் 10 மீட்டர், 5 செ.மீ. வரை கூடக் குறைய இருக்கலாம். ஃபயரிங் லைனில் சுடுபவர் பக்கத்து ஓரத்திலிருந்து கார்டின் முகம் வரை ஸ்டீல் டேப்பால் அளக்க வேண்டும்; துணி டேப் நீளும். இதைப் பற்றி ஆக்ரோஷமாகப் பேசுவார்கள், ஆனால் விளைவு சின்னது. 30 செ.மீ. குறைந்தால் 3 சதவீதம். 9.0 ஷூட்டருக்கு 40 ஷாட்டில் ஏறத்தாழ 2 புள்ளி. 10 புள்ளி உயர்வுக்குத் தூரத்தைக் காரணம் காட்டுவது வீண். வெளிச்சம் அப்படியல்ல. டார்கெட்டில் 1500 லக்ஸ் வேண்டும் என்பது விதி. பழைய ட்யூப்லைட் ரேஞ்சிலிருந்து நல்ல எல்.இ.டி. ரேஞ்சுக்கு வந்தவருக்கு, அதுவும் 45 வயது தாண்டியவருக்கு, சைட் பளிச்சென்று தெரியத் தொடங்கினால் ஸ்கோர் தாவும். எந்த ரேஞ்சில் விளக்கு எப்போது மாற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பிஸ்டலில் நிஜமான ஆதாயம் தருவது ட்ரிகர் எடை. குறைந்தபட்சம் 500 கிராம். 350 கிராமில் வைத்துச் சுடுவது வேறு விளையாட்டு. ஆனால் ஸ்க்ரூ தளர்ந்தும் எடை இறங்கும், சொந்தக்காரருக்கே தெரியாது. அளக்கும் முறை: துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். காற்றை ஏற்றிக் காக் செய்து, குழலைச் செங்குத்தாகப் பிடித்து, மேஜை மேல் இருக்கும் எடையின் கொக்கியை ட்ரிகரின் நடுவில் மாட்டி, ஆட்டாமல் மெல்லத் தூக்க வேண்டும். எடை மேஜையை விட்டு எழும்பினால் பாஸ். மூன்று தடவை வாய்ப்பு. லக்கேஜ் தராசில் இழுத்துப் பார்ப்பது சரிவராது, கை வேகத்தைப் பொறுத்து ஒவ்வொரு தடவையும் ஒரு எண் காட்டும். எடையை நீங்களே செய்யலாம்: உலோகக் குழாய்த் துண்டில் மணல் போட்டு, கொக்கியோடு சேர்த்து நகைக்கடைத் தராசில் 500 கிராம் வைத்து அடைத்துவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுபவர்கள் பாட்டிலின் எடையை மறந்துவிடுகிறார்கள்.

பிஸ்டல் அளவுக்கு உள்ளளவு 420, 200, 50 மி.மீ. உள்ள ப்ளைவுட் பெட்டி ஒன்று. துப்பாக்கியின் எடை 1.5 கிலோவுக்கு மேல் கூடாது. கிரிப்பின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக்கூடாது. சுடும் கையில் வாட்ச், காப்பு, பேண்டேஜ் வேண்டாம். கோயில் கயிறு கட்டியிருந்தால் அதைப் பற்றி ஒரு சண்டை போடத் தேவையில்லை. ரைஃபிளில் எடை 5.5 கிலோ, கிளவுஸின் மொத்தத் தடிமன் 12 மி.மீ., வெர்னியர் இருந்தால் பார்க்கலாம். ஜாக்கெட் விறைப்பை அளக்கும் கருவி கிளப்பில் இருக்காது. அளக்க முடியாததைப் பற்றிக் குற்றம் சொல்ல வேண்டாம். நட்பு லீக்கில் ஜாக்கெட்டை விட்டுவிடுவதே நல்லது.

இந்தச் சோதனைகளை ஒருவருக்கு மட்டும் செய்யக்கூடாது. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் லேன் நம்பர் சீட்டுக் குலுக்கிப்போட்டு இரண்டு எடுத்தால் போதும். யார் லேன் வந்தாலும் அதே எடை, அதே பெட்டி. செயலாளர் லேனும் சீட்டில் இருக்க வேண்டும்.

ஆளிடம் பேசுவது

ஃபயரிங் லைனில் இந்தப் பேச்சே கூடாது. எதைப் பார்த்தாலும், "ஸ்டாப், அன்லோட்" ஆகி, எல்லாத் துப்பாக்கியிலும் சேஃப்டி ஃபிளாக் ஏறும் வரை வாய் திறக்கக்கூடாது. நடுவே குறுக்கிடும் அதிகாரம் ரேஞ்ச் ஆபீசருக்கு மட்டும், அதுவும் பாதுகாப்புக்காக. கோபமாக இருக்கிற இரண்டு பேர் கையில் துப்பாக்கியோடு நிற்பதைவிடப் பத்து ரவுண்டு மோசடி தேவலை.

புகார் எழுத்தில், 24 மணி நேரத்துக்குள், செயலாளருக்கு மட்டும். செயலாளர் மேலேயே புகார் என்றால் வேறு கிளப்பின் செயலாளருக்கு. முடிவை எழுதக்கூடாது, பார்த்ததை எழுத வேண்டும். இந்த அளவுக்கு இருந்தால் நல்ல புகார்: "7-வது ரவுண்டு, லேன் 4. நேரம் சுமார் 10:40. ஐந்தாவது கார்டு கேரியரில் திரும்பி வந்தது. அதை மேஜை மேல் வைக்காமல் கிட் பாக்ஸுக்குள் வைத்தார். லேன் 5-இல் இருந்தவரும் பார்த்தார்." இதில் 'ஏமாற்றினார்' என்ற சொல்லே இல்லை. இருந்தால் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மாடர்ன் பென்டத்லான் வாள்வீச்சுச் சுற்றில் சோவியத் வீரர் போரிஸ் ஒனிஷ்செங்கோவின் வாள் உடம்பில் படாமலே விளக்கு எரிந்தது. பிரிட்டனின் ஜிம் ஃபாக்ஸ் முதலில் சொன்னது வாளில் ஏதோ கோளாறு என்றுதான். வாளைச் சோதித்தபோதுதான் கைப்பிடிக்குள் ஒளித்திருந்த சுவிட்ச் வெளியே வந்தது. ஆளைச் சொல்லியிருந்தால் அன்று ஒரு வாய்ச்சண்டை நடந்திருக்கும். கருவியைச் சொன்னதால் கருவியைப் பிரித்தார்கள்.

கேள்வியும் அப்படித்தான் இருக்க வேண்டும். செயலாளர் தனியாக, போனில் அல்ல, நேரில்: "அண்ணே, ஏழாவது ரவுண்டு கவர்ல அஞ்சாவது கார்டும் ஆறாவது கார்டும் வரிசை மாறி வந்திருக்கு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றீங்களா?" இதற்கு ஒரு நேர்மையான மனிதர் தயங்காமல் பதில் சொல்லிவிடுவார்: மோட்டார் சிக்கியது, கார்டு விழுந்தது, கரண்ட் போனது. சொன்னதை அவர் முன்னாலேயே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "யாரு சொன்னாங்க?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். "கவர்ல இருக்கிறதைத்தான் கேக்கறேன் அண்ணே" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜூனியராக இருந்தால் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இல்லாமல் பேச்சே வேண்டாம். 14 வயதுப் பையன் கார்டு மாற்றினான் என்றால் பாதி நேரம் பின்னால் ஒரு பெரியவரின் அவசரம் இருக்கும்.

வாட்ஸாப் குரூப்பில் பெயர் சொல்லி எழுதுவதை அட்மின் உடனே நீக்க வேண்டும். மரியாதைக்காக மட்டுமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அவதூறு பற்றியது, வாட்ஸாப் அதற்கு விலக்கில்லை.

குறைத்துச் சுடுவது

சராசரி குறைந்தவருக்கு அந்த வித்தியாசத்தை ஈடுகட்டக் கூடுதல் புள்ளி தரும் ஹேண்டிகேப் லீக்கில் ஆபத்து எதிர்த்திசையில் வரும். முதல் மூன்று ரவுண்டில் வேண்டுமென்றே 340 சுட்டு, ஹேண்டிகேப் ஏறியதும் 360-க்குப் போவது. இதை நிரூபிக்கவே முடியாது, ஏனென்றால் எல்லோரும் எப்போதாவது மோசமாகச் சுடுவோம். எனவே ஆதாயத்தை எடுத்துவிட வேண்டும். சராசரியைக் கடைசி ஆறு ஸ்கோரில் சிறந்த மூன்றை வைத்துப் போடுங்கள். வேண்டுமென்றே போட்ட 340 தானாக உதிர்ந்துவிடும். ஹேண்டிகேப்பை முழு வித்தியாசத்துக்குக் கொடுக்காமல் 80 சதவீதம் கொடுங்கள். சராசரி ஏறும்போது உடனே ஏறட்டும், இறங்கும்போது ரவுண்டுக்கு 2 புள்ளிக்கு மேல் இறங்கக்கூடாது. புதிதாகச் சேருபவரின் முதல் மூன்று ரவுண்டு டீம் கணக்கில் வராது. இந்த நான்கு வரி இருந்தால் இந்த வகைச் சந்தேகம் ஏறக்குறைய வராது.

மாத்திரை

2008 பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜோங்-சு ப்ரொப்ரனோலால் எடுத்தது தெரிந்து இரண்டு பதக்கத்தையும் இழந்தார். பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் இதயத்துடிப்பைக் குறைத்துக் கை நடுக்கத்தைத் தணிக்கும். ஷூட்டிங்கில் போட்டி நாளில் மட்டுமல்ல, எப்போதுமே தடை. ஆனால் அட்டெனலால், மெட்டோப்ரோலால் எல்லாம் நம் ஊரில் பி.பி.க்குச் சாதாரணமாக எழுதித் தரும் மாத்திரைகள். 50 வயதுக்காரர்கள் நிறைந்த லீக்கில் நாலு பேராவது அதில் இருப்பார்கள். இதைத் தோண்டாதீர்கள். "நிறுத்திட்டுச் சுடுங்க" என்று யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது. திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து இந்த லீக்கில் அனுமதி என்று விதியில் ஒரு வரி போட்டு முடித்துவிடுங்கள். ஸ்டேட், நேஷனல்ஸ் போக நினைப்பவர் அதைத் தன் டாக்டரிடம் பேசிக்கொள்ளட்டும்.

முடிவு எழுதுவது

மூன்று பேர் பார்க்க வேண்டும். புகார் தந்தவரின் கிளப்பும் சம்பந்தப்பட்டவரின் கிளப்பும் அதில் இருக்கக்கூடாது. முடிவு மூன்றில் ஒன்று. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே எழுதி இருவருக்கும் கொடுங்கள். 'போதிய ஆதாரம் இல்லை' என்ற இழுவை ஆளைக் காலம் பூராவும் துரத்தும். முறை தவறியிருக்கிறது என்றால் அந்த ரவுண்டின் கார்டு செல்லாது, மறு சூட் கிடையாது, ஆள்மேல் எந்தக் குறிப்பும் இல்லை. அவரே ஒப்புக்கொண்டார், அல்லது போலி ஓட்டை போல மறுக்க முடியாத ஒன்று கையில் இருக்கிறது என்றால் சீசன் முழுக்க ஸ்கோர் நீக்கம், அடுத்த சீசன் மற்றவர்கள் முன்னிலையில் ஒரே ரேஞ்சில் சுடும் ரவுண்டுகள் மட்டும். ஆயுட்காலத் தடை எல்லாம் இந்த அளவு லீக்குக்குப் பொருந்தாது. அப்படித் தடை போட்ட கிளப்புகள் பிறகு அந்த ஆளின் நண்பர்கள் நாலைந்து பேரையும் சேர்த்து இழக்கும்.

எதுவும் முடிவாகத் தெரியவில்லை, ஆனால் முறுமுறுப்பு ஓயவில்லை என்றால் அடுத்த இரண்டு ரவுண்டை எல்லோருக்கும் ஒரே ரேஞ்சில் வையுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. முதல் பத்து இடத்தில் இருப்பவர்களின் லேனைக் குலுக்கிப்போட்டு ஒதுக்குங்கள். 369 நிஜமென்றால் அங்கேயும் 366, 368 என்று வரும், சந்தேகப்பட்டவரே போய் அந்தக் கிரிப் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்.

எல்லாக் கார்டையும் பரிசளிப்பு முடிந்து 15 நாள் வரை ரவுண்டு வாரியாகக் கட்டி வைத்திருங்கள். பிறகு எடைக்குப் போடலாம். போடும் முன் முத்திரை குத்திய சுடாத உபரிக் கார்டுகளைத் தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் குறுக்கே கிழித்துவிடுங்கள்.